பட்டம் வாங்கியாச்சு; டிஎன்பிஎஸ்சியா, சென்னை வேலையா, வெளிநாடா?

மே மாதம் பிறந்தால் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, பி.இ. மெக்கானிக்கல் முடிச்சிட்டேன். கேம்பஸ்ல கிடைச்சது மாசம் பதினாறாயிரம். அப்பா குரூப் 4க்குப் படிக்கச் சொல்றார். மாமா அபுதாபிக்குக் கூப்பிடுறார். எதுல இறங்கலாம்?" பி.காம்., பி.எஸ்சி. படித்தவர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதுவேதான். மாமா மட்டும் சிங்கப்பூரில் இருப்பார். (குரூப் 4 என்பது டிஎன்பிஎஸ்சி, அதாவது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், நடத்துகிற அரசு வேலைத் தேர்வு.)

கேள்வியில் பயம் இருப்பதும் நியாயம்தான். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 2023-24ல் 15 முதல் 29 வயதுக்காரர்களின் வேலையின்மை 10.2 சதவீதம். மொத்த மக்கள்தொகைக்கு அதே கணக்கெடுப்பு சொன்னது 3.2 சதவீதம். படிப்பு கூடக்கூட இந்த விகிதமும் கூடுவது நம் நாட்டின் விசித்திரம். பத்தாவதோடு நின்றவன் கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறான். பட்டம் வாங்கியவன் காத்திருக்கிறான், அவனுக்குச் சோறு போட வீட்டில் யாரோ ஒருவர் இருக்கிறவரை.

இந்தக் காத்திருப்புக்கு எவ்வளவு செலவாகிறது, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலானோர் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று வழிகளின் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறார்கள். ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தோற்றால் கையில் என்ன மிஞ்சும் என்பதை வைத்துத்தான் இந்த மூன்றையும் நான் எடை போடுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் வருமானம் எப்போது வரும்? அடுத்த மாதமா, ஆறு மாதத்திலா, இரண்டு வருடத்திலா. வீட்டில் கல்விக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது இந்தக் கேள்வி.

காலண்டர் யார் கையில்? நீங்கள் நினைத்தால் வேகப்படுத்த முடியுமா, அல்லது வேறொருவர் தேதி குறிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டுமா.

உள்ளே போகவே எவ்வளவு செலவு? கட்டணம், கோச்சிங், ஏஜென்ட், பிஜி விடுதி அட்வான்ஸ், வட்டி எல்லாம் இதில் அடக்கம்.

நடுவில் விட்டுவிட்டு வந்தால் என்ன மிஞ்சும்? அனுபவமா, சேமிப்பா, கடனா, ரெஸ்யூமேயில் ஒரு ஓட்டையா.

முப்பத்தைந்து வயதில் எப்படி இருக்கும்? இருபத்திரண்டில் மூன்றும் ஒரே மாதிரி தெரியும். வித்தியாசம் வெளியே வருவது அப்போதுதான்.

| | டிஎன்பிஎஸ்சி | இங்கேயே தனியார் வேலை | வெளிநாடு |
|---|---|---|---|
| முதல் வருமானம் | ஒன்று முதல் மூன்று வருடம், அதுவும் தேறினால் | ஒன்று முதல் நான்கு மாதம் | மூன்று மாதம் முதல் ஒரு வருடம் |
| காலண்டர் | ஆணையத்தின் கையில் | பெரும்பாலும் உங்கள் கையில் | ஏஜென்ட், விசா கையில் |
| நேரடிச் செலவு | குறைவு | குறைவு | மிக அதிகம் |
| மறைமுகச் செலவு | வருடங்கள் | தேங்கிப் போகும் திறமை | வட்டி |
| விட்டு வந்தால் | அறிவு உண்டு, காட்ட சான்று இல்லை | அனுபவம், பிஎஃப் | கடன் அடைந்திருந்தால் சேமிப்பு |
| 35 வயதில் | நிம்மதி | ஆளைப் பொறுத்தது | திரும்புவதா வேண்டாமா என்ற கேள்வி |

அட்டவணை ஒரு குத்துமதிப்புதான். விவரத்துக்கு வருவோம்.

## டிஎன்பிஎஸ்சி: பணம் கேட்காது, வருடம் கேட்கும்

குரூப் 4ஐ எடுத்துக்கொள்வோம், பெரும்பாலோர் கேட்பது அதுதான். பத்தாம் வகுப்புத் தகுதி, ஒரே எழுத்துத் தேர்வு, 200 கேள்வி, 300 மதிப்பெண், நேர்முகம் கிடையாது. அதில் 100 கேள்வி தமிழ்; அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். விண்ணப்பக் கட்டணம் சில நூறு ரூபாய். ஆறாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பள்ளிப் பாடப்புத்தகங்கள்தான் அடிப்படை. அவற்றை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

பணத்தைப் பொறுத்தவரை இவ்வளவு மலிவான வழி வேறு இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவச வகுப்பு நடக்கிறது. சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து படிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது; மதுரைக்காரர்களுக்கு 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். அந்தப் பிரிவுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். சார்ஜர், தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், அட்டை கிழிந்த சமூக அறிவியல் புத்தகம், பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர். பக்கத்து நாற்காலிக்காரர் கல்லூரியை விட்டு எத்தனை வருடமாயிற்று என்று பேச்சுக்கு நடுவே கேட்டுப் பாருங்கள். எந்தக் கோச்சிங் விளம்பரத்திலும் கிடைக்காத தகவல் அது.

ஜெயித்தால் கிடைப்பது என்ன? இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) பணிகளுக்கு அடிப்படைச் சம்பளம் 19,500ல் தொடங்குகிறது. 2025 ஜூலை முதல் கணக்கிட்ட 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 30,810 ரூபாய். இதற்குமேல் வீட்டு வாடகைப்படி வரும், கீழே பிடித்தங்கள் போகும். வருடா வருடம் ஊதிய உயர்வு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படித் திருத்தம், துறைத் தேர்வு எழுதினால் பதவி உயர்வு. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அப்பா காலத்து ஓய்வூதியத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு விதிகள் வேறு.

இனி போட்டி. 2024 ஜூனில் நடந்த குரூப் 4ஐ ஏறக்குறைய 16 லட்சம் பேர் எழுதினார்கள். அறிவித்த இடம் 6,244; பிறகு கூட்டிக் கூட்டி 9,000ஐத் தாண்டியது. அப்படியும் 170 பேருக்கு ஒருவர். 2025 ஜூலையில் 11 லட்சத்துக்கு மேல் எழுதினார்கள். முதலில் அறிவித்தது 3,935 இடம். இதைக் கேட்டுப் பயந்துவிடவும் வேண்டாம். சும்மா விண்ணப்பித்துவிட்டு வந்து உட்காருகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் ஏராளம். ஒழுங்காகப் படித்தவர்களுக்குள் நடக்கிற போட்டி இதைவிடச் சின்னது. தட்டச்சு ஹையர் முடித்தவர்களுக்குத் தட்டச்சர் பணியில் கட்-ஆஃப் குறைவாக நிற்பது வழக்கம். பக்கத்துத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை ஏளனமாகப் பார்க்காதீர்கள்.

என்னை உறுத்துவது காலண்டர்தான். 2019 செப்டம்பரில் ஒரு குரூப் 4 நடந்தது. அடுத்தது 2022 ஜூலையில். கொரோனா காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2019ல் ஒரு மதிப்பெண்ணில் விட்டவருக்கு அடுத்த வாய்ப்பு ஏறக்குறைய மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது. குரூப் 2 இன்னும் மோசம்: 2022 பிப்ரவரியில் அறிவிக்கை, மே மாதம் முதல்நிலை, 2023 பிப்ரவரியில் முதன்மைத் தேர்வு, அதன் முடிவு 2024 ஜனவரியில். படித்து, எழுதி, நன்றாக எழுதியிருக்கிறோம் என்று தெரிந்தும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களே அதில் ஒரு வருடத்துக்குக் கிட்ட. அண்மைக் காலமாக நிலைமை தேறியிருக்கிறது. 2024, 2025 குரூப் 4 முடிவுகள் நான்கைந்து மாதத்துக்குள் வந்துவிட்டன. ஆண்டுத் திட்ட அட்டவணையும் முன்கூட்டியே வெளியாகிறது. இரயில்வே பக்கம் போனால் இதுகூட வேகம் என்று தோன்றும். 2019ல் அறிவித்த என்டிபிசி (தொழில்நுட்பம் சாராத பணிகள்) தேர்வின் முதல் கட்ட முடிவு வந்தது 2022 ஜனவரியில்.

மறைமுகச் செலவு இங்கேதான். மாதம் 15,000 சம்பாதித்திருக்கக்கூடிய ஒருவர் மூன்று வருடம் வீட்டில் படித்தால் வராமல் போன பணம் 5 லட்சத்து 40 ஆயிரம். அதைவிடப் பெரியது, மூன்று வருட இடைவெளியோடு தனியார் நேர்காணலுக்குப் போகும்போது கேட்கப்படுகிற முதல் கேள்வி. இந்தியச் சட்டமும் திருக்குறளும் விரல்நுனியில் இருக்கும். கம்பெனிக்காரருக்கு அது எதற்கும் உதவாது. பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்தால் அரசு தருகிற வேலையில்லா உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். மொபைல் ரீசார்ஜும் போக்குவரத்தும் போனால் டீக்குக்கூட மிஞ்சாது.

யாருக்கு இது சரி? வீட்டில் வேறு ஒரு நிலையான வருமானம் இருப்பவர்களுக்கு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு, அவர்களுக்கென 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. சொந்த மாவட்டத்தை விட்டுப் போக முடியாத குடும்பச் சூழல் உள்ளவர்களுக்கு. முதல் முயற்சியிலேயே கட்-ஆஃபுக்கு அருகில் வந்தவர்களுக்கு. இரண்டு முறை முழுமூச்சாக எழுதியும் கட்-ஆஃபிலிருந்து வெகுதூரத்தில் நிற்பவர்கள் மூன்றாவது முறையும் முழுநேரமாக உட்காருவதை நான் ஆதரிக்க மாட்டேன். எழுதட்டும், ஆனால் ஒரு வேலையில் இருந்துகொண்டு எழுதட்டும்.

## இங்கேயே தனியார் வேலை: சிடிசியும் கையில் வருவதும்

பெரிய ஐடி நிறுவனங்கள் புதியவர்களுக்குக் கொடுக்கிற சம்பளம் பதினைந்து வருடமாக வருடத்துக்கு 3 முதல் 4 லட்சத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்குள் சென்னையில் வாடகை எங்கே போய்விட்டது என்று ஐடி நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் வீடு தேடியவர்களைக் கேட்டால் தெரியும். சிறு நிறுவனங்கள், பிபிஓ, பேங்க் சேல்ஸ், ஆடிட்டர் அலுவலகம் என்றால் 12 முதல் 18 ஆயிரம்.

ஆஃபர் லெட்டரில் சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செலவிடுகிற மொத்தத் தொகை, 3,40,000 என்று பார்த்ததும் மாதம் 28,000 என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். ஒரு சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்ப்போம். மாதக் கணக்கில் 28,333. இதில் கம்பெனி தன் பங்காகக் கட்டுகிற பிஎஃப் 1,800. கிராஜுவிட்டி என்று 720; இது பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும். மருத்துவக் காப்பீடு 500. வேரியபிள் பே 1,500. இது அவர்கள் மனம் வைத்தால். மீதி 23,800 சொச்சம். அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 1,800 போனால் கணக்கில் விழுவது 22,000. எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பிரிகிற விதம் இதுதான். சாப்பாட்டோடு பகிர்ந்து தங்கும் பிஜிக்கு எட்டாயிரம், பஸ், ரயில், போன், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்று நாலாயிரம், வீட்டுக்கு ஐயாயிரம். மிச்சம் ஐயாயிரம்.

குறைவுதான். ஆனால் இந்த 22,000த்தோடு சம்பளச் சீட்டில் இல்லாத வேறொன்றும் வருகிறது. பதினெட்டு மாதம் கழித்து அதே ஆள் வேறு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போகும்போது "என்ன செய்து கொண்டிருக்கிறீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. முதல் சம்பளத்தின் மதிப்பு இரண்டாவது வேலையில்தான் தெரியும். முதன்முறையாக பிஎஃப் கணக்கு தொடங்குகிறவர்களுக்கு மத்திய அரசு ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு, அதிகபட்சம் 15,000 ரூபாய், இரண்டு தவணையாகக் கொடுக்கிற திட்டமும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேருகிறவர்களுக்கு அது. பிஎஃப் பிடிக்காமல் "கையில் முழுசாகத் தருகிறேன்" என்று சொல்கிற முதலாளி இதையும் சேர்த்துத்தான் உங்களிடமிருந்து எடுக்கிறார்.

தொழிற்சாலைப் பக்கம் கதை வேறு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்று கார், செல்போன், எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களை எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ், சில இடங்களில் ஹாஸ்டல். கையில் நிற்கிற காசு ஐடிக்காரனைவிடக் கூடவே இருக்கும். கேட்க வேண்டிய ஒரே கேள்வி: கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட் ரோலா? மேன்பவர் ஏஜென்சியின் பெயரில் லெட்டர் வந்தால் நீங்கள் அந்த ஆலையின் ஊழியர் இல்லை. டிரெய்னி என்று எடுத்து, காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டு, அடுத்த செட்டை எடுப்பது பல இடங்களில் நடக்கிறது. வெளியே வரும்போது அனுபவச் சான்றில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கும் என்பதை உள்ளே போகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மறைமுகச் செலவு என்ன? முதலாவது, தேங்கிப் போவது. சப்போர்ட் வேலை, எக்செல் ஷீட், ஒரே மெஷின் என்று மூன்று வருடம் ஓடிவிட்டால் அது மூன்று வருட அனுபவம் ஆகாது. ஒரு வருட அனுபவம் மூன்று முறை. இரண்டாவது, நடுவயது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது 12,000 பேர் அளவில் குறைக்கப் போவதாக அறிவித்தது. அதில் அதிகம் பாதிக்கப்படுவோர் நடுத்தர, மூத்த நிலையினர் என்றும் சொன்னது. புதியவர்கள் பலர் "நல்லவேளை நாமில்லை" என்று நினைத்தார்கள். அந்த அறிவிப்பு உங்களுக்கும்தான், பன்னிரண்டு வருடம் கழித்து. செயற்கை நுண்ணறிவு எந்த வேலையை எப்போது தின்னும் என்று ஜோசியம் சொல்ல நான் தயாரில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற வேலைதான் முதலில் ஆட்டம் காணும் என்பதற்கு மட்டும் ஜோசியர் தேவையில்லை.

மூன்றாவது, பணம் கட்டி வாங்குகிற வேலை. "பேக்டோர்ல போட்டுத் தரோம், ஒன்றரை லட்சம்" என்கிற கன்சல்டன்சிகளும், "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்கிற டிரெயினிங் சென்டர்களும் இந்தப் பயத்தில்தான் பிழைக்கின்றன. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு டிஎன்பிஎஸ்சி சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டால் அந்த மேஜை டிராயரைத் திறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

யாருக்கு இது சரி? கல்விக் கடன் தவணை தொடங்கப் போகிறவர்களுக்கு. எதில் ஆர்வம் என்றே இன்னும் பிடிபடாதவர்களுக்கும் இதுதான். வீட்டில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தவர்கள் குறைவு. பிறகு, படித்த படிப்பைத் தாண்டி வேறொன்றைக் கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவர்களுக்கு.

## வெளிநாடு: போகிற செலவுதான் முதல் சம்பளம்

முதலில் ஒரு பிரிப்பு. வேலைக்காகப் போவது வேறு, படிக்கப் போவது வேறு.

வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் போகுமிடம் வளைகுடா அல்லது சிங்கப்பூர். 1,500 திர்ஹாம் என்றால் ரூபாயில் 35,000த்துக்கு மேல். தங்குமிடம் கம்பெனி கொடுத்தால் மாதம் 25,000 ஊருக்கு அனுப்பலாம். சென்னையில் 22,000 வாங்கி 5,000 மிச்சம் பிடிப்பவரோடு ஒப்பிட்டால் இது ஐந்து மடங்கு. ஊரில் மாடி வீடு கட்டியவர்களின் கணக்கு இதுதான், அதில் பொய்யில்லை.

பொய் ஒளிந்திருப்பது ஏஜென்ட் காசில். இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் தன் சேவைக்கு வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும், ஆக 35,400. ஊரில் கேட்பது ஒன்றரை லட்சம், சிங்கப்பூர் என்றால் மூன்று, நான்கு லட்சம். அந்தப் பணம் பேங்கில் இருந்து வருவதில்லை. அம்மா நகையும் வட்டிக் கடையும்தான். மூன்று லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000 வட்டி மட்டும். 25,000 அனுப்பி அதில் வட்டியும் அசலுமாக மாதம் 16,000 கட்டினால் கடன் அடைய இரண்டு வருடம் ஆகும். ஒப்பந்தமும் இரண்டு வருடம். முதல் ஒப்பந்தம் முழுக்கக் கடனுக்குத்தான் உழைப்பு. நடுவில் கம்பெனி மூடினாலோ, உடம்புக்கு முடியாமல் திரும்பினாலோ மிஞ்சுவது அந்தக் கடன்தான். மூன்று வழிகளில் தோற்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே போவது இது ஒன்றுதான்.

அதனால் கணக்கை இப்படிப் போடுங்கள்: போக ஆகிற மொத்தச் செலவு, நீங்கள் ஆறு மாதத்தில் மிச்சம் பிடிக்கக்கூடிய தொகைக்குள் அடங்குகிறதா? அடங்கினால் பேசலாம்.

செய்ய வேண்டிய சோதனைகள் சில. முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978லிருந்து இருக்கிறது. அதன் அறிவிப்புகளையும் பாருங்கள், அங்கே வருகிற வேலை குறைவாக இருந்தாலும் ஏமாற்று இருக்காது. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர் உங்களுக்கு வேலை வாங்கித் தரவில்லை, டிக்கெட் விற்கிறார். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, லட்ச ரூபாய் சம்பளம் என்று வந்தால் போனை வைத்துவிடுங்கள். அப்படிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மர், கம்போடிய இணைய மோசடிக் கூடாரங்களில் அடைபட்டு, மீட்கப்பட்டு வந்த செய்திகள் 2022லிருந்து வந்துகொண்டே இருக்கின்றன.

படிக்கப் போவதைப் பற்றிச் சுருக்கமாக. இருபது, முப்பது லட்சம் கடன் வாங்கிப் போகிற முதுகலைப் படிப்பு, படித்த பிறகு அங்கேயே வேலை கிடைக்கும் என்ற ஒரே காலில் நிற்கிறது. அந்தக் காலைத்தான் அரசாங்கங்கள் இப்போது தட்டிக்கொண்டிருக்கின்றன. கனடா 2024ல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. அமெரிக்கா 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. இந்தியாவுக்குத் திரும்பி வந்து இங்கத்திய சம்பளத்தில் அந்தக் கடனைக் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், உதவித்தொகை கிடைக்காதவரை வேண்டாம் என்பதுதான் என் பதில். ஜெர்மனி மாதிரி அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லாத நாடுகளுக்கு இந்தக் கணக்கு மாறும். மொழி படிக்கிற உழைப்பு அங்கே கட்டணம்.

யாருக்கு இது சரி? கையில் தொழில் இருப்பவர்களுக்கு. வெல்டிங், ஏசி, எலெக்ட்ரிக்கல், நர்சிங், சேஃப்டி என்று இரண்டு வருட இங்கத்திய அனுபவத்தோடு போகிறவருக்கும் வெறும் பட்டத்தோடு போகிறவருக்கும் ஒரே கேம்பில் இரண்டு விதமான வாழ்க்கை. கூப்பிடுகிற மாமா உண்மையிலேயே அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் என்றால் இன்னும் நல்லது. ஏஜென்ட் காசு மிச்சம்.

## வேலையில் இருந்துகொண்டே படிப்பது

"ரெண்டு படகில் கால் வைக்காதே" என்று வீட்டில் சொல்வார்கள். குரூப் 1க்கும் சிவில் சர்வீசுக்கும் அந்தப் பேச்சு பொருந்தும். குரூப் 4க்குப் பொருந்தாது என்பது என் கருத்து. பாடம் பத்தாம் வகுப்புத் தரம். தினம் மூன்று மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மாதிரித் தேர்வு என்று பதினைந்து மாதம் விடாமல் போனால் முழுநேரம் படிப்பவரோடு மோத முடியும். முழுநேரம் படிப்பவர்களும் நாளெல்லாம் படிப்பதில்லை. டெலிகிராம் குரூப்பில் கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று விவாதிப்பதற்கே நாளில் பாதி போய்விடுகிறது.

இதற்கு வேலையை அதற்கேற்ற மாதிரி பார்க்க வேண்டும். ஷிஃப்ட் மாறி மாறி வருகிற ஆலையும், இரவு வேலை பிபிஓவும் உதவாது. சொந்த ஊருக்குப் பக்கத்தில் ஒன்பதிலிருந்து ஆறு வரை, பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் ஒரு கணக்கர் வேலை கிடைத்தால் சென்னையின் இருபத்திரண்டாயிரத்தைவிட அது மேல். பிஜி வாடகை கிடையாது, அம்மா சாப்பாடு, பஸ்ஸில் போகிற நேரம் குறைவு. ரெஸ்யூமேயில் ஓட்டையும் விழாது. தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் மட்டும் வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாகப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது நல்ல உத்தி, அந்த இரண்டு மாதச் செலவை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தால்.

சொந்தத் தொழிலைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். மாவட்டத் தொழில் மையம் வழியாக, புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு, முத்ரா கடன் உண்டு. ஆனால் இருபத்திரண்டு வயதில், அந்தத் தொழிலில் ஒரு நாளும் வேலை பார்க்காமல், மானியத்துக்காகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் அதே தொழில் நடக்கிற இன்னொருவர் கடையில் ஒரு வருடம் சம்பளத்துக்கு நில்லுங்கள்.

## பெண்களுக்குக் கணக்கு வேறு

மேலே சொன்ன அத்தனையும் ஆண்பிள்ளைக்கு ஒரு விதமாகவும் பெண்பிள்ளைக்கு வேறு விதமாகவும் பலிக்கிறது. மாநில அரசுப் பணியில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு. மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் ஒரு வருடம், சம்பளத்தோடு. தனியாரில் சட்டப்படி 26 வாரம். சின்னக் கம்பெனிகளில் அதைக் கேட்டதும் முகம் மாறும். குழந்தைக்குப் பிறகு வேலைக்குத் திரும்ப முடிகிறதா என்பதை முப்பத்தைந்து வயது அளவுகோலில் வைத்துப் பார்த்தால் அரசு வேலை பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு பெறுமானம் உள்ளது. காத்திருக்கத் தகுந்த காரணம் அவர்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது.

ஆனால் காத்திருக்கக் கிடைக்கிற காலம் குறைவு. "படிக்கட்டும்" என்று வீட்டில் விடுவது வரன் அமைகிறவரைதான். இரண்டாவது முயற்சிக்கு முன் கல்யாணம், மூன்றாவது முயற்சிக்கு முன் குழந்தை என்று போனவர்கள் எத்தனையோ பேர். வேலைக்குப் போகிற பெண்ணை "இந்த வருஷமே முடிச்சிடலாம்" என்று அவசரப்படுத்துவது கொஞ்சம் குறைவு, வீட்டில் பேசுகிற இடமும் கூடுதல். அதனால் பெண்கள் கேட்டால் சின்னச் சம்பளமாக இருந்தாலும் வேலையில் இருந்துகொண்டே எழுதச் சொல்கிறேன். முழுநேரம் படிக்கத்தான் வேண்டும் என்றால், எத்தனை தேர்வு வரை என்று அப்பாவிடமும் அம்மாவிடமும் முன்கூட்டியே வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

அந்தப் பேச்சு ஆண்பிள்ளைகளுக்கும் வேண்டியதுதான். "இந்த குரூப் 4 அறிவிக்கை, அதற்கடுத்தது, அவ்வளவுதான்; அதுவரை மாதம் இவ்வளவு செலவாகும், அதை யார் தருவது" என்று தேர்வைக் கணக்காக வைத்துப் பேசுங்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று சொன்னால் ஆணையம் தேதியைத் தள்ளிவைக்கும்போது உங்கள் வாக்கும் தள்ளிப் போய்விடும். பேசி முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஆன்லைனிலேயே ஆகும்.